சூடு காட்டின சங்கிலி

16-11-63, சனி

பொய்யாம். நான் சொல்றது பொய்யாம். பதினேழு வருஷமா சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தியே, அப்பல்லாம் உறைக்கலியா? "இத்தாலியில பனி இடுப்பு வரைக்கும்"னு நான் ஆரம்பிச்சதும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சிரிப்பியே, அது மட்டும் நிஜமா?

சண்டை போட்டவள் இங்கே இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் தளவானூருக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "மாப்ளைக்கு உண்மையை எழுதுங்க. எழுதிட்டேன்னு ஆள் மேல சொல்லியனுப்புங்க. அப்பதான் வருவேன்." நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். என் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. அதை எங்கே துப்புவது? மல்லாட்டைக் கடலை மண்டியில் கொடுத்த போன வருஷத்து டைரி ஒன்று என் பஞ்சர் கடைப் பெட்டியில் கிடந்தது. தேதியை அடித்துவிட்டு இதில் எழுதுகிறேன். என் பெண்டாட்டி அசீசுன்னிசாவுக்குப் படிக்கத் தெரியாது. அது ஒரு சௌகரியம்.

இன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ் வரிசையாகப் போகிறது. மத்தியானத்துக்குள் மூன்று பஞ்சர். ஒரு கண்டக்டர் தலைமேல் நின்றான். "சீக்கிரம் பாய், கூட்டம் கத்துது." "அம்மா உக்காந்த இடத்துல உக்காந்திருக்கா, எங்கயும் ஓடமாட்டா. நீ ஏன்யா ஓடுற?" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

வீட்டில் சிரிக்க ஆள் இல்லை.


17-11-63, ஞாயிறு

மாப்பிள்ளை கடுதாசியை மறுபடி படித்தேன்.

சாந்த் பாஷா என் மகள் சாஜிதாவின் புருஷன். நல்ல டிரைவர். போன வருஷம் வரைக்கும் இங்கிருந்து மதராசுக்கு மல்லாட்டை லோடு அடித்தான். சைனாக்காரன் சண்டைக்குப் பிறகு வடக்கே மலையில் ரோடு போட டிரைவர் வேண்டும் என்றார்கள். ஜூன் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். சாஜிதா எங்களோடு இருக்கிறாள்.

மரியாதைக்காரன். எதிரே டீக்கடைக்குப் போவதென்றாலும் "வரேன் மாமு" என்று சொல்லிவிட்டுத்தான் நகருவான். "வரலைன்னா தேடமாட்டோம் மாப்ளே, போ" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பானே தவிர, அந்தப் பழக்கத்தை விடமாட்டான்.

அவன் எழுதியிருப்பது: "மாமு, இங்கே பனி விழ ஆரம்பிச்சாச்சு. ரோடு கண்ணாடி மாதிரி வழுக்குது. டயருக்குச் சங்கிலி மாட்டித்தான் வண்டி எடுக்கணும். ஸ்டோரில் ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு ஏணி மாதிரி, குறுக்கே குறுக்கே போகுது, லேசு. இன்னொண்ணு மீன் வலை மாதிரி பின்னல், நல்ல கனம். எது வேணுமோ எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. இங்கே இருக்கிற சர்தார் டிரைவர்கள் பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது. நீங்கள் இத்தாலியில் பனியில் ஓட்டினவராச்சே. எதை எடுக்கட்டும்? இன்னொரு தொல்லை. எதை மாட்டினாலும் ரெண்டு மைலில் தொளதொளன்னு ஆயிடுது. இறங்கி இறங்கி இறுக்கணும். இரும்பைத் தொட்டா விரல் ஒட்டிக்குது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

நான் பார்த்த இத்தாலி காலண்டர் படத்தில் இருக்கிறது.

ஜெர்மன்காரன் சண்டை சமயத்தில் நான் இருந்த இடம் ஜபல்பூர். ராணுவக் குடோன். நாற்பது வயசுக்கு மேலே சேருகிறவனுக்குத் துப்பாக்கி தரமாட்டான், மூட்டை தருவான். டயர் சங்கிலி சாக்குச் சாக்காக வரும். இறக்கி, எண்ணி, அடுக்கி, மறுபடி ஏற்றுவோம். இத்தாலிக்கு என்பார்கள். சங்கிலி போச்சு. நான் போகல. வண்டி ஓட்டத் தெரியாது என்று இல்லை, குடோன் முற்றத்தில் பின்னால் எடுப்பேன்.

நாற்பத்தாறில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். எவனோ கேட்டான், "பாய், எங்க சண்டை போட்டீங்க?" வாயில் இத்தாலி என்று வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நான் இத்தாலி பாய். நசுருதீன் என்று ஒருத்தன் இருந்தான், அவனை அதற்குப் பிறகு ரேஷன் கார்டில்தான் பார்க்கலாம். பஞ்சர் கடைக்கும் இத்தாலி பாய் கடை என்றே பேர்.

அசீசுக்கு மட்டும் தெரியும். நான் போட்ட கடுதாசியின் ஜபல்பூர் முத்திரையை அப்போது இருந்த தபால்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். பதினேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. சாஜிதாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னது. யாருக்கு என்ன நஷ்டம்?


18-11-63, திங்கள்

வழி கிடைத்துவிட்டது!

ஜாக்கி கம்பி வளைந்துவிட்டதென்று ராமகிருஷ்ண ஆசாரி பட்டறைக்குப் போனேன். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் வரட்டி அடுக்கி மூட்டம். உள்ளே இரும்புப் பட்டை பழம் மாதிரி சிவந்து கிடக்கிறது. இரண்டு பேர் குறடால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். ஒரே புகை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினதும் பட்டை சுருங்கி, ஆரக்கால் எல்லாம் கடக் கடக்கென்று இறுகிக்கொண்டது. இனி யானை இழுத்தாலும் கழலாது.

சங்கிலியும் இரும்பு. பனியும் தண்ணி.

கடையில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். "மாப்ளே, ஏணிச் சங்கிலியை எடு. கனம் குறைவு, வண்டி இழுக்கும். தொளதொளப்புக்கு ஒரு பக்குவம் இருக்கு. காலையில் இஞ்சினுக்குச் சூடு காட்ட நெருப்பு வைப்பீர்கள் இல்லையா? அதில் சங்கிலியைப் போடு. சிவக்கட்டும். சிவப்பு அடங்கினதும் குறடால் எடுத்துச் சூட்டோடு மாட்டி, ஒரு வளையம் கூடுதலாக இழுத்துக் கொக்கி போடு. பனி பட்டதும் தானாக இறுகிக்கொள்ளும். இறங்கித் தொடவே வேண்டாம். தினமும் இப்படிச் செய். இத்தாலியில் நாங்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வோம்."

கடைசி வரி எதற்கு என்று யோசித்தேன். அது இல்லாவிட்டால் கேட்பானா? அசீசு ஒருத்திதான் என் பேச்சைக் கேட்கமாட்டாள், அதுபோல அவனும் ஆகிவிடுவான்.

ஏணிச் சங்கிலி ஏன் என்றால், ஜபல்பூரில் அந்தச் சாக்கு முதுகுக்கு லேசு. வலைச் சங்கிலி மூட்டை வந்த அன்றைக்கு இடுப்பு விட்டுப்போகும். எனக்குத் தெரிந்த நல்லது கெட்டது அவ்வளவுதான்.

தபால்காரர் தனகோட்டி வந்தார். நான் அவரைக் கவர்னர் என்றுதான் கூப்பிடுவது, காக்கித் தொப்பியை அப்படி வைப்பார். "எத்தனை நாள்ல போய்ச் சேரும் கவர்னரே?" "எட்டு நாளு பாய். ராணுவத் தபாலு, சீக்கிரம் போயிடும்." கையிலேயே கொடுத்தேன்.

தளவானூர் போகிற வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பினேன்: மாப்பிள்ளைக்கு எழுதிட்டேன். என்ன எழுதினேன் என்று அவள் கேட்டனுப்பவில்லையே.


20-11-63, புதன்

அசீசு வந்துவிட்டாள். "உண்மையை எழுதினீங்களா?" "எழுதிட்டேன்னுதானே சொல்லியனுப்பினேன்?" நம்பிவிட்டாள். சந்தோஷத்தில் கறிக்குழம்பு வைத்தாள். சாப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் இரண்டு தட்டு.


1-12-63, ஞாயிறு

மழை. மரக்காணத்து மீன் பஸ்ஸில் வந்தது. மீன்காரி மீனம்பாள் கூடையில் மரத்தூளுக்கு நடுவே ஐஸ் கட்டி. ஒரு துண்டு கேட்டேன்.

"இன்னா பாய், மீனை வுட்டுட்டு ஐஸைக் கேக்குற? இத்தாலி ஞாபகம் வந்துட்டுதா?"

"ஆமா, அங்க ஒருத்தி இருந்தா. உன்னை மாதிரியே நாத்தம்."

"போய்யா கெழவா" என்று ஒரு சங்கரா மீனை வீசினாள். மீன் லாபம்.

கடைக்குள் வந்து அந்த ஐஸை உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன். எண்ணினேன். இருபதுக்கு மேல் வலி. ஐம்பதுக்கு மேல் வலி இல்லை, விரலே இல்லை. பிறகு கைலி முடிச்சைப் போடப் பார்த்தேன், போட வரவில்லை. மூன்று தடவை அவிழ்ந்தது.

ஒரு துண்டு ஐஸ். அவன் மலை மலையாக அதில் நிற்கிறான். நான் அவனுக்கு வழி சொல்கிறேன்.

என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டு சொன்னேன் நான்?


4-12-63, புதன்

காலையில் உட்கார்ந்து எழுதியேவிட்டேன். இரண்டு காகிதம் வீணாயிற்று. மூன்றாவதில் வந்தது இது:

"மாப்ளே, நான் இத்தாலிக்குப் போனதில்லை. பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. சங்கிலி மூட்டை தூக்கினேன், அவ்வளவுதான். சூடு காட்டச் சொன்னது என் சொந்தப் புத்தி. அதை உடனே விடு. அங்கே இருக்கிற சர்தாரை ஜாடையிலாவது கேட்டு அவர் சொல்வதை எடு. சாஜிதாவுக்குச் சொல்லாதே. உன் மாமு."

கவரில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். போஸ்டாபீஸ் வாசலிலேயே தனகோட்டி சைக்கிளை நிறுத்தினார். "இத்தாலிக்கு இமயமலையிலேர்ந்து தபாலு!"

மாப்பிள்ளை எழுதியிருக்கிறான். "மாமு, நீங்கள் சொன்னபடி செய்தேன். சங்கிலி பட்டை போட்ட மாதிரி பிடிச்சிக்கிச்சு. பதினாறு மைல் ஒரு தடவைகூட இறங்கல. சர்தார்கள் வந்து வந்து பார்க்கிறாங்க. ஒருத்தர் தலையை ஆட்டி என்னவோ சொன்னார், எனக்குப் புரியல. மெச்சிக்கிறார்னு நினைக்கிறேன். என் மாமு இத்தாலியில் ஓட்டினவர்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

ரோட்டிலேயே நின்று இரண்டு தடவை படித்தேன். தனகோட்டி கேட்டார், "பையில இன்னா கவரு? போடணுமா, குடு." "இருக்கட்டும் கவர்னரே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

பலித்துவிட்டதே. பலித்த பிறகு எதற்கு?

கவரை இந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.


5-12-63, வியாழன்

சாஜிதா கடுதாசியை வாங்கி வாங்கிப் படிக்கிறாள். "அத்தா இல்லைன்னா அவர் இன்னா பண்ணியிருப்பாரும்மா" என்று தாயாரிடம் சொல்கிறாள். அசீசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையை எழுதினவருக்கு எதற்கு இவ்வளவு புகழ்ச்சி என்று பார்க்கிறாள். நான் விறகு வெட்டப் போய்விட்டேன்.

கடையில் ராஜாராமுக்குப் படித்துக் காட்டினேன். வல்லத்துப் பையன், இவனும் மல்லாட்டை லாரி டிரைவர், என் இத்தாலிக் கதைக்காகவே காற்று அடிக்க வருகிறவன். புதிதாக ஒரு கதை எடுத்துவிட்டேன். பனியில் புதைந்த லாரியை ஒரு வெள்ளைக்காரியின் சேலையால் கட்டி இழுத்தது. "வெள்ளைக்காரி சேலை கட்டுவாளா பாய்?" "கட்டமாட்டா, அதனாலதான்டா தூக்கிக் குடுத்துட்டா!"


16-12-63, திங்கள்

அமாவாசை. ஆறு பஞ்சர். இன்றைக்கு நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தார்கள். நல்ல நாள்.


21-12-63, சனி

ஆசாரி பட்டறை. ஜாக்கி கம்பி ரெடி. நானாகத்தான் போய்ச் சொன்னேன். மெச்சிக்கொள்வார் என்று. "உங்க பட்டை வித்தையை இமயமலைக்கே அனுப்பிட்டேன் ஆசாரி. மாப்ளை டயர் சங்கிலியை நெருப்புல காட்டி மாட்டுறான்."

துருத்தியை நிறுத்திவிட்டார்.

"எந்தச் சங்கிலியை?"

"டயருக்கு மாட்டுறது."

"அது உருக்கு பாய். பட்டை பச்சை இரும்பு, அதை எத்தினி வாட்டி காச்சினாலும் ஒண்ணும் ஆவாது. உருக்குக்குப் பதம் வச்சு அனுப்பியிருப்பான். நெருப்புல காட்டினா பதம் பூடும். ஒரு நாளு தாங்கும், பத்து நாளு தாங்கும். தெனம் காட்டினா வளையம் வாயைத் தொறந்துக்கும். உன் வூட்டு அருவாளை அடுப்புல போட்டு எடுத்து வெட்டிப் பாரேன். கீரைத்தண்டு வெட்டாது."

"பலிச்சுதே ஆசாரி. பதினாறு மைலு…"

"மொத நாளு பலிக்கும் பாய்."

அந்த சர்தார் தலையை ஆட்டினது மெச்சிக்கொள்ள இல்லை. வேணாம்னு சொல்லியிருக்கார். இந்தப் பிள்ளைக்குப் புரியல. நான் சொன்னது மட்டும் நல்லா புரிஞ்சிருக்கு, நான்தான் தமிழ்ல எழுதினேனே.

போஸ்டாபீசுக்கு ஓடினேன். ஒரு செருப்பு வழியில் எங்கேயோ. போஸ்ட்மாஸ்டர் தந்தி எழுதிக் கொடுத்தார்: சங்கிலியைச் சூடு காட்டாதே, உடனே மாற்று, மாமு. "இது இன்னா பாய், தந்தி?" என்றார். அவருக்கு ஒரு வேடிக்கை பதில் சொல்லத் தேடினேன். காசை எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.


22-12-63, ஞாயிறு

அசீசுக்குச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு எழுதிட்டேன்னு சொல்லியனுப்பினது?"

"எழுதினேன். வேற எழுதினேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கல் பொறுக்கினாள். அவ்வளவு அரிசியில் அவ்வளவு கல் இருக்காது.


25-12-63

பதில் இல்லை.


27-12-63

தனகோட்டி நம் தெருப் பக்கம் வரவில்லை. சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்குப் போனேன். ஐஸ் வண்டி.


30-12-63, திங்கள்

கடுதாசி வந்தது. மேல் விலாசம் அவன் எழுத்து இல்லை. தனகோட்டி சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தார். நான் கவர்னர் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிற ஆர்க்காட்டுக்காரர் ஒருத்தர் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். பதினாறாம் தேதி, இறக்கத்தில், பின் சக்கரச் சங்கிலி இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. வண்டி வழுக்கி மலைப் பக்கம் மோதி நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் கடுதாசியே இல்லை. கூட யாரும் இல்லை. வண்டியை நடுரோட்டில் விட்டால் பின்னால் வருகிற வண்டி மேலே ஏறிவிடும் என்று வெறுங்கையால் சங்கிலியைக் கட்டிக் கட்டிப் பார்த்திருக்கிறான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியவில்லை. வலது கை விரல் கறுத்துவிட்டது. நான்கையும் எடுத்துவிட்டார்கள். பெருவிரல் மட்டும் இருக்கிறது.

உயிருக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

சாஜிதா அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.


31-12-63, செவ்வாய்

எண்ணிப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். நாலாம் தேதி போட்டிருந்தால், எட்டு நாள். பன்னிரண்டு. பதிமூன்று என்றே வைத்துக்கொள். பதினாறாம் தேதி காலையில் அவன் கையில் வேறு சங்கிலி இருந்திருக்கும்.

மறுபடி எண்ணினேன். அதே கணக்குதான் வருகிறது.

அன்றைக்குத்தான் ஆறு பஞ்சர் ஒட்டி, நல்ல நாள் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழித்தால் மட்டும்?

கவர் நாலாம் தேதிப் பக்கத்திலேயே இருக்கிறது. தபால் தலைகூட ஒட்டியாச்சு.


16-1-64, வியாழன்

முதல் நோன்பு. பசி தெரியவில்லை.


15-2-64, சனி

பெருநாள். பள்ளிவாசலில் எல்லாரும் கட்டிப்பிடித்து மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். "நீங்க பனியெல்லாம் பாத்தவரு, உங்களுக்குத் தெரியாததா பாய்" என்றார் ஒருத்தர். தோளில் தட்டிவிட்டும் போனார்.


8-3-64, ஞாயிறு

வந்துவிட்டான்.

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் இடது கையால் பெட்டியை எடுத்தான். வலது கை சட்டைப் பையில். என்னைப் பார்த்ததும் அதை எடுத்து சலாம் வைத்தான். அந்தக் கையால். நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"மாமு, இளைச்சுட்டீங்க" என்றான். அவன் சொல்கிறான், எனக்கு.


10-3-64, செவ்வாய்

சாப்பிடும்போது சாஜிதா கேட்டுவிட்டாள். "அத்தா சொன்னபடிதானே செஞ்சீங்க? அப்புறம் எப்டி அறுந்துச்சு?"

அசீசின் கை குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது.

மாப்பிள்ளை சொன்னான்: "மாமு சொன்னது சரிதான். முதல்ல எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? எனக்குத்தான் பக்குவம் வரல. சூடு அதிகமா காட்டிட்டேனோ, கம்மியா காட்டிட்டேனோ. மாமு அத்தினி வருஷம் ஓட்டியும் பத்து விரலும் இருக்கு பாரு."

பத்து விரலும் தட்டில்தான் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. "உப்பு போடும்மா" என்றேன்.

அசீசு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். ஏதாவது சொன்னா பரவாயில்ல. ரெண்டு திட்டு திட்டினா பரவாயில்ல. பொய்யின்னு கத்தினியே ஒருநாள், இப்ப கத்தேன்!


2-4-64, வியாழன்

மாப்பிள்ளை கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறான். ஸ்டியரிங் பிடிக்க முடியாது, சும்மா உட்கார மாட்டேன் என்கிறான். ட்யூபை முழங்கையால் தொட்டித் தண்ணீரில் அழுத்தி, குமிழி வருகிற இடத்தைப் பெருவிரலால் அடைத்துக் காட்டுகிறான். பெருவிரல் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்யலாம் என்று எனக்குத் தெரியாது.

வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்கிறான், என் மாமுவோட பக்குவம் எனக்கு வரலன்னு. அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். இத்தாலிக் கதை கேட்கிறார்கள். தொண்டை கட்டியிருக்கு என்கிறேன்.

ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது.


22-4-64, புதன்

பக்ரீத். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தொழுகையில் நினைத்தேன். வீடு நிறைய ஆள். சொல்லவில்லை.

ஆள் இல்லாத நாளில் மட்டும் சொன்னேனா?


10-5-64, ஞாயிறு

கத்திரி வெயில். ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது. மத்தியானம் ராஜாராம் வந்தான். லாரி இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

"இத்தாலி பாய், எனக்கும் ஆர்டர் வந்துட்டுது. சாந்த் அண்ணன் இருந்த அதே மலை. பதினஞ்சாம் தேதி கெளம்புறேன். பனியைப் பத்திச் சொல்லி அனுப்புங்க."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னே மாப்பிள்ளை சொன்னான்: "மாமுகிட்ட நல்லா கேட்டுக்கோ. சங்கிலியைச் சூடு காட்டி மாட்டுற பக்குவம் ஒண்ணு இருக்கு. எனக்கு வரல. நீ அவசரப்படாம கேட்டு எழுதிக்கோ, என்னை மாதிரி ஆயிடாத." கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

ராஜாராம் பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்துவிட்டான். பென்சிலைச் சுற்றி ஐந்து விரல்.

"ராஜாராமு, சூடு காட்டாத. சங்கிலியை நெருப்புக்கிட்டயே கொண்டு போவாத. அங்க இருக்கிற சர்தாரைக் கேளு, புரியலைன்னா புரியிற வரைக்கும் கேளு. நான் இத்தாலிக்குப் போனதே இல்ல. பனியைப் பாத்ததே இல்ல. ஜபல்பூர்ல மூட்டை தூக்கினேன்."

ராஜாராம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "பாய் ஆரம்பிச்சிட்டாருய்யா! ரெண்டு மாசம் வாயைத் தொறக்காம இருந்து, தொறந்ததும் பாரு!"

நான் சத்தியம் பண்ணினேன். அதற்கும் சிரித்தான். நான் எத்தனை பொய்க்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன் அவனிடம்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கம் குந்தியிருந்தான். முழங்கைக்குக் கீழே ட்யூப். குமிழி வந்துகொண்டே இருந்தது.

"ஏணிச் சங்கிலி?" என்றான்.

"தூக்க லேசா இருந்துச்சு மாப்ளே. குடோன்ல."

"சூடு காட்டுறது?"

"ஆசாரி பட்டறையில பாத்தேன். மாட்டு வண்டிச் சக்கரம்."

முழங்கையை எடுத்தான். ட்யூப் மேலே வந்து மிதந்தது. கைலியில் பெருவிரலைத் துடைத்தான், வெகுநேரம் துடைத்தான்.

எனக்கு அப்போதும் ஒரு கேலி வாயில் வந்தது. சத்தியமாக வந்தது. முழுங்கினேன்.

"மாப்ளே, இன்னும் இருக்கு. முழுசா கேளு. ஒரு கடுதாசி இருக்கு. டிசம்பர் நாலாம் தேதியே எழுதிட்டேன், உன் கடுதாசி வந்த அன்னிக்கு. ஸ்டாம்பு ஒட்டி, கவரோட, போஸ்டாபீஸ் வாசல் வரைக்கும் கொண்டு போயிட்டு… இரு, காட்டுறேன், இரு…"

பெட்டியைத் திறந்து இந்த டைரியை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன். அவசரத்தில் பக்கம் இரண்டு மூன்றாகப் புரண்டது. கவரை உருவிக்கொண்டு நிமிர்ந்தேன். தொட்டிப் பக்கம் ஆள் இல்லை. ரோட்டைப் பார்த்தால், கொதிக்கிற தாரில் செருப்புக்கூடப் போடாமல், பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். கையைப் பையில் மறைக்கவில்லை.

டீக்கடைக்குப் போறதுன்னாக்கூட "வரேன் மாமு"ன்னு சொல்லிட்டுப் போறவன்.